வெயில் படாத முகம்

என் அம்மையும் சின்னம்மையும் இரட்டைப் பிள்ளைகள். அம்மை சற்று முன்னால் பிறந்தவள். அதற்காகவே சின்னம்மை அவளைக் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். சிறுமிகளாக இருந்த காலத்தில் பெற்றவர்களே இரண்டு பேரையும் மாற்றிக் கூப்பிடுவார்களாம். நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது அந்த ஒரே முகம் இரண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகும் காலத்தில், சின்னம்மையை அம்மையின் மகள் என்று சொன்னால் எவரும் நம்பியிருப்பார்கள்.

எங்கள் ஊர் இனயம். அப்பா கட்டுமரத்தில் போவார். அம்மை ஓலையில் முடைந்த மீன்கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கருங்கல் சந்தைக்கு நடப்பாள், சில நாள் குழித்துறை வரைக்கும்கூட. வெயில் ஏறும் முன் கிளம்பினால் வெயில் சாயும்போது திரும்புவாள். மீன்தண்ணீர் நெற்றியில் வழிந்து காய்ந்து உப்பு பூத்திருக்கும். அவள் முகத்தில் கோடுகள் எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த நாள் முதல் அவை இருந்தன.

சின்னம்மை வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால், நாலைந்து தென்னை தள்ளி இருந்தது. சுற்றிலும் எல்லாம் ஓலைப்புரைகள். அவள் வீட்டுக்கு மட்டும் வெட்டுக்கல் சுவர். சித்தப்பா கொழும்பில் சம்பாதித்துக் கட்டியது. ஒரே அறை, ஒரே சாளரம். அந்தச் சாளரத்தை அவள் கட்டுமரத்துப் பழைய பாய்த்துணியை மடித்து அடைத்திருந்தாள். கதவு தென்னைகளின் பக்கம் திறக்கும். அதைத் திறந்தாலும் வெளிச்சம் உள்ளே இரண்டு அடிக்கு மேல் போகாது. அந்த இரண்டு அடிக்கு அப்பால் உட்கார்ந்து அவள் வலை கட்டுவாள். கண்ணுக்கு வேலை இல்லாமல், விரல் தடவிப் போடும் முடிச்சு. அவள் கட்டிய வலையில் கண்கள் ஒன்றுக்கொன்று பிசகாமல் இருக்கும் என்று அப்பா சொல்வார்.

சித்தப்பா கடைசியாகப் போனபோது நான் தொட்டிலில் கிடந்தேன். கொழும்புக்குத்தான் போனார். அங்கிருந்து கப்பல் வேலையில் சேர்ந்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். பிறகு அந்தக் கப்பல் முங்கிப்போனது என்று வேறு யாரோ சொன்னார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, இறந்தவருக்கான பூசை வைத்துவிடலாம் என்றாராம். சின்னம்மை, "செத்தத யாரு கண்டா சாமி? கண்டவன் வந்து சொல்லட்டு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் இருட்டு விலகும் முன் நடக்கும் முதல் பூசைக்கு மட்டும் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு வருவாள். விடியும்போது திரும்பி உள்ளே போயிருப்பாள்.

அவள் அறைக்குக் கஞ்சி கொண்டுபோவது என் வேலை. அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஒரு மத்தியானம் போனபோது அவள் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே மணல் கண்ணைக் கூசவைத்த வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவள் முகம் மட்டும் தெரிந்தது. ஈரமில்லாமல் மின்னியது, கண்ணாடி போல.

"அங்க வச்சிட்டுப் போ மக்கா" என்றாள். உதடு அசையவில்லை. பல்லுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. நான் நகராமல் நின்றேன். அவள் இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தபோது காய்ந்த ஓலை மிதிபடுவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் கன்னத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. நான் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

அன்று மாலை அம்மைதான் விளக்கினாள். கூறல் மீனின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று உண்டு. அதைக் காயவைத்து குளச்சல் வியாபாரிகளிடம் விற்றால் அது கொழும்பு வழியாகச் சீனாக்காரர்களுக்குப் போகும். வியாபாரி எடுக்காத சிறு பைகளை அப்பா சின்னம்மைக்குக் கொடுத்துவிடுவார். அவள் அதை ஊறவைத்துக் காய்ச்சுவாள். பிசின் போல ஒரு பசை வரும். அதை முகத்தில் பூசிக் காயவிட்டு உரிப்பாள்.

"எதுக்கு?"

"ஒனக்க சித்தப்பன் சொல்லிட்டுப் போனான். சீனாக்காரிய அதத் தின்னும் பூசியும் மொகத்த வச்சிருப்பாளுவன்னு. இந்த மொகத்த இப்பிடியே வச்சிக்க, நான் வந்து பாக்கணும்னு. இவ அதப் பிடிச்சிட்டு இருக்கா."

அம்மை அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தன் கன்னத்தைப் புறங்கையால் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

ஊரில் பேச்சு வளர்ந்தது ஒரு பூனையால். சின்னம்மை உரித்த தோல்களை அடுப்பில் போடுவாள். முடி கருகும் நாற்றம் வரும். ஒரு நாள் எதையோ மறந்திருக்கிறாள். நடுப்பகலில் பெண்கள் மீனை வெயிலில் உணத்திக்கொண்டிருந்த மணலில் ஒரு பூனை எதையோ கவ்விக்கொண்டு நடந்து வந்தது. முதலில் கருவாட்டைத் திருடிவிட்டது என்று துரத்தினார்கள். அது போட்டுவிட்டு ஓடியது. மணலில் கிடந்தது ஒரு முகம். வெளிச்சம் ஊடுருவும் முகம். மூக்குக்கு ஒரு மேடு, கண்களுக்கு இரண்டு ஓட்டை, புருவம் இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட சில மயிர்கள். காற்றில் அது கொஞ்சம் புரண்டது. அவ்வளவு பெண்களும் பின்னால் நகர்ந்தார்கள். என் அம்மைதான் போய் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அதன்பின் பிள்ளைகள் அந்தத் தென்னைகளுக்குப் பக்கத்தில் விளையாடப் போகவில்லை. கர்ப்பிணிகள் சுற்றி நடந்தார்கள். அவளிடம் பிசாசு இருக்கிறது என்று யாரும் என் காதுபட சொன்னதில்லை. ஆனால் முதல் பூசையில் அவள் முழங்காலிடும் இடத்தைச் சுற்றி எப்போதும் வெறும் தரை இருக்கும்.

இப்போது கடைகளில் விற்கும் களிம்பு டப்பாக்களில் கொலாஜன் என்று போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தோல் டாக்டரிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். நம் தோலுக்கு அடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் நார்களுக்குத்தான் அந்தப் பெயராம். மீனின் காற்றுப்பையும் பெரும்பாலும் அதே பொருள்தானாம். காய்ச்சினால் பசையாகிவிடும். "அப்படியானால் பூசினால் உள்ளே போகுமா?" என்று கேட்டேன். போகாது, அந்தத் துகள் தோலைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது, மேலே ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான் என்றார். உள்ளே இருக்கும் நார்களை அதிகமாக அறுப்பது வெயில். ஆக, சின்னம்மையைக் காத்தது அந்தப் பசை இல்லை, அடைத்த சாளரம்தான். அவளுக்கு அது தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி வெயிலில் நடந்தாள், ஒருத்தி நிழலில் உட்கார்ந்திருந்தாள் என்பதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அந்தச் சட்டியில் கொதித்ததைத்தான் பார்த்தோம்.

இன்னொன்றும் இருந்தது. அவள் சிரிக்கமாட்டாள். அழவும் மாட்டாள். சிரித்தால் கோடு விழும் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள். நான் ஏதாவது வேடிக்கை சொன்னால் அவள் கண்ணில் சிரிப்பு வரும். கண்ணுக்குக் கீழே எதுவும் நகராது.

நான் வளர வளர அந்த முகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வயதில் அவளுக்குத் தங்கை மாதிரி இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் அறையில் இருந்த கைக்கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தோம். கொழும்பிலிருந்து வந்த கண்ணாடி. கதவோரத்து வெளிச்சத்தில் இரண்டு முகங்கள் தெரிந்தன. எது என்னுடையது என்று தெரிந்துகொள்ள நான் நாக்கை நீட்ட வேண்டியிருந்தது. அவள் கண்ணாடியைக் கவிழ்த்துவைத்து, "இனி நீ என்னத் தாண்டிப் போவ" என்றாள். கல்யாணத்தன்று முதல் பூசையில் சின்னம்மையைக் கண்ட மாப்பிள்ளை வீட்டு வெளியூர்ப் பெண் ஒருத்தி அம்மையிடம் வந்து, மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைக் கட்டிக்கொடுக்கிறீர்களே என்று கேட்டாள். அம்மை அவளைப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கணவர் வீடு அதே ஊர்தான், வடக்குத் தெரு. எனக்கு முதல் பிள்ளை பிறந்து தவழும்போது சித்தப்பா வந்தார்.

மத்தியானம். கட்டுமரங்கள் கரை ஏறி, மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மை கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பிள்ளையோடு பக்கத்தில் இருந்தேன். மேட்டுப் பாதையில் ஒரு ஆள் தகரப்பெட்டியோடு இறங்கி வந்தார். தலை நரைத்து, முன்பல் இரண்டு போய், வேட்டிக்கு மேல் கோட்டு போட்டிருந்தார். ஏதோ வியாபாரி என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மையிடம் வந்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளே" என்றார்.

அம்மையின் கையிலிருந்து கடவம் சரிந்தது.

"நீயும் கெழவி ஆயிட்டியே பிள்ளே" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லார் முன்னாலும் அழுதார். "நெனச்சேன். இப்பிடித்தான் ஆயிருப்பன்னு நெனச்சிட்டேதான் வந்தேன்."

அம்மை மெதுவாகக் கையை உருவினாள். "நான் அவ இல்ல. நான் மூத்தவ."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "கோவமா? கோவப்பட வேண்டியதுதான்."

"கொழுந்தனே, நான் அவ இல்ல கேட்டியா. அவ வீட்டுல இருக்கா."

ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் இருந்தேன் என்றார். கப்பல் முங்கவில்லை, நோய்ப்பட்டுக் கிடந்த தன்னை அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். கையில் ஒன்றும் இல்லாமல் வர வெட்கமாக இருந்தது, வெட்கத்திலேயே காலம் போய்விட்டது என்றார். இதையெல்லாம் மணலில் நடந்துகொண்டே அம்மையிடம்தான் சொன்னார், சின்னம்மையிடம் சொல்வது போல. பாதி ஊர் பின்னால் வந்தது. ஆனால் தென்னைகள் வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

செய்தி எங்களுக்கு முன்னால் போயிருக்க வேண்டும். கதவு திறந்திருந்தது. சின்னம்மை வாசற்படிக்கு உள்பக்கம், வெளிச்சம் முடியும் இடத்தில் நின்றிருந்தாள். வெள்ளைத்துணி உடுத்து, தலை சீவி. அவர் போன அன்று எப்படி இருந்தாளோ அப்படியே இருந்திருப்பாள். அதற்காகத்தானே அவ்வளவும். சுவரின் கறுப்புக்கு முன்னால் அந்த முகம் கோயிலில் வைத்த சுரூபத்தைப் போல அசையாமல் இருந்தது. அவர் வாசலில் கால் வைத்தார். பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அம்மையிடம் திரும்பிக் கேட்டார், மிகவும் தணிந்த குரலில்: "அவ எப்ப செத்தா?"

அம்மை வாசலைக் கை காட்டினாள், அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன். எப்ப செத்தா?"

சின்னம்மை அதைக் கேட்டாள். அப்போதும் அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அழவேண்டும் என்பதே அந்த முகத்துக்கு மறந்துபோயிருந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். முதலில் உடல் இருட்டில் போயிற்று, கடைசியாக முகம்.

சித்தப்பா அன்று எங்கள் அப்பாவின் வீட்டில் தங்கினார். மறுநாளும் அங்கேதான். அவள் உயிரோடு இருக்கிறாள், சூனியமும் இல்லை பிசாசும் இல்லை என்று அப்பா ஆன மட்டும் சொன்னார். "தெரியும் அண்ணே. தெரியாமலா?" என்பார். தென்னை வரை போவார், திரும்பி வந்துவிடுவார். "எனக்குப் பயமாட்டு இருக்கு. அவள இருவது வருசமா மனசுக்குள்ள வச்சி நான் பையப் பைய கெழவி ஆக்கியாச்சு. முடி நரைக்க வச்சேன், பல்லு விழ வச்சேன். இப்ப இவ யாரு?" முகத்தை இப்படியே வைத்துக்கொள் என்று தான் சொன்னதே அவருக்கு நினைவில்லை. சோறு வாங்கும்போது அறியாமல், சின்னம்மையைக் கூப்பிடுவது போலவே அம்மையைப் பிள்ளே என்று கூப்பிட்டுவிடுவார். அம்மை அந்த நாட்களில் முக்காடு போட்டுக்கொண்டு பரிமாறினாள்.

ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது அவர் சின்னம்மையின் சுவருக்கு வெளியே, அடைத்த சாளரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தட்டினேன். "வச்சிட்டுப் போ மக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சித்தப்பா தலையை நிமிர்த்தினார். அந்தக் குரல் மூத்திருந்தது. கரகரத்து, நடுவில் உடையும் குரல். நான் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரிந்ததே இல்லை.

"இன்னொரு தடவ பேசச் சொல்லு" என்றார்.

உள்ளே இருமல் நின்றது. பிறகு அவளே கேட்டாள். "ரங்கூன்ல கஞ்சி யாரு வச்சித் தந்தா?"

"நானேதான் வச்சேன்."

"உப்புப் போடத் தெரியாதே ஒங்களுக்கு."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அதன்பின் தினமும் அங்கே வந்து உட்கார்ந்தார். சில நாள் கழித்து அறைக்குள்ளும் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, நட்ட நடுப்பகலில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் விளக்கேற்றப் போனால் வேண்டாம் என்பாராம். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது கல்லுக்கு உள்ளிருந்து இரண்டு வயதானவர்களின் குரல் கேட்கும். கதவைத் திறந்தால் அதில் ஒரு குரலுக்கு உரிய ஆள் இருக்கமாட்டாள் என்றே எனக்கும் தோன்றும்.

அவள் வெளியே வந்தது ஒரு பங்குனி மாதத்துப் பகலில். யாரிடமும் சொல்லவில்லை. முக்காடு இல்லாமல் கதவைத் திறந்து, தென்னைகளைத் தாண்டி, கொதிக்கும் மணலில் இறங்கி நடந்தாள். சுடுமணலில் நடந்து பழக்கம் இல்லாத கால்கள் பக்கவாட்டில் சாய்ந்தன. ஏலக் கூட்டம் விலகி வழிவிட்டது. தண்ணீர் ஓரத்தில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு முகத்தை மேலே தூக்கினாள். அம்மை போய்க் கூப்பிட்டாள். "ஏட்டி, எழும்பு. கருகிப் போவ."

"இருக்கட்டு அக்கா."

வெயில் சாயும்வரை இருந்தாள். தூக்கிக்கொண்டு வரும்போது முகம் அவித்த நண்டின் நிறத்தில் இருந்தது. மறுநாள் கன்னமும் மூக்கும் கொப்பளித்தன, கண்கள் வீங்கி மூடிக்கொண்டன, காய்ச்சல் அடித்தது. சித்தப்பா சாளரத்தில் இருந்த பாய்த்துணியைப் பிடுங்கி எறிந்தார். வெளிச்சத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலைப் பஞ்சில் தொட்டுக் கொப்பளங்களில் வைத்தார். அவர் அந்த முகத்தைத் தொட்டது அப்போதுதான். எரிச்சலில் அவள் முகம் சுளித்தது. உதடு கோணியது. நெற்றி மடிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?"

"எரியுது."

"இவதான்" என்றார் என்னிடம்.

நான் அம்மையைத் தேடினேன். அவள் எங்கள் வீட்டு அடுக்களைப் பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்னம்மைக்கு ஒன்றும் ஆகாது, தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அவளுக்காவ இல்ல மக்கா. சந்தைக்குப் போயிட்டு வரும்போ தெனமும் அந்தக் கதவுல ஒரு நிமிசம் நிப்பேன். எனக்க மொகத்தப் பாக்கத்தான். இங்க போச்சுன்னாலும் அங்க இருக்குன்னு ஒரு நெனப்பு. இனி எங்க போய்ப் பாக்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சின்னம்மையின் முகம்தானே எனக்கும். ஆனால் அவள் அதைத் தன்னுடையது என்று நினைக்கவில்லை. வேறு ஒருத்தியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

புதுத்தோல் வந்தது. சில இடத்தில் கறுத்தும் சில இடத்தில் வெளுத்தும் வந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சின்னம்மை அம்மையோடு சேர்ந்து கடவம் தூக்கிச் சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். கண்ணோரத்தில் முதல் கோடுகள் விழுந்தன, பிறகு வாயோரத்தில். சிரிக்கக் கற்றுக்கொண்டதும் அவை வேகமாக விழுந்தன. ஆனால் அம்மையை அவள் எட்டவே இல்லை. நடந்து போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் ஒரே உயரம், ஒரே நடை. முன்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கருங்கல் சந்தையில் மீன் வாங்கும் பெண்கள், "மகளக் கூட்டிட்டு வந்தியா?" என்று அம்மையிடம் கேட்பார்கள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அம்மை மீனை எடுத்துக் காட்டுவாள். சின்னம்மையும் மறுத்ததில்லை.